சாபி மேடமும் நான்கு சாவிகளும்

பல்கலைக்கழகத்தின் கொள்முதல் பிரிவில் வள்ளியை வள்ளி என்று கூப்பிட ஆளில்லை. கேன்டீன் பையாவிலிருந்து பதிவாளர் வரைக்கும் எல்லோருக்கும் அவள் 'சாபி மேடம்'தான். இந்தியில் சாபி என்றால் சாவி. பெயர் சும்மா வந்துவிடவில்லை. தாலிச் சங்கிலியில் ஊக்குகளோடு ஊக்காக ஒரு பித்தளைச் சாவியை இருபத்தாறு வருஷம் கோத்துப் போட்டுக்கொண்டு திரிந்தால் டெல்லிக்காரர்கள் வேறென்ன பெயர் வைப்பார்கள்?

அது டெண்டர் பெட்டியின் சாவி. கொள்முதல் பிரிவின் வாசலில், தரையோடு போல்ட் போட்டு முறுக்கிய பச்சை நிற இரும்புப் பெட்டி. விடுதிக்குக் கட்டில் என்றாலும் ஆய்வகத்துக்கு மைக்ராஸ்கோப் என்றாலும், விற்க வருகிறவர்கள் தங்கள் விலையை எழுதி ஒட்டிய உறையை அதன் வாயில் போட வேண்டும். குறித்த நாளில் பிற்பகல் மூன்று மணிக்கு வாயை மூடி அரக்கு வைப்பார்கள். பெட்டிக்கு இரண்டு பூட்டு. ஒன்றின் சாவி வள்ளியிடம், மற்றொன்று நிதி அதிகாரியிடம். இருவரும் சேர்ந்து வந்தால்தான் பெட்டி திறக்கும். இந்த ஏற்பாட்டை யார் கண்டுபிடித்தார்களோ, அவர்களுக்கு வள்ளி மனசுக்குள் கோயிலே கட்டியிருந்தாள்.

விருத்தாசலத்தில் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் பண்ணி, மத்திய அரசில் குமாஸ்தாவாக இருந்த செந்தில்குமாரைக் கட்டிக்கொண்டு அவள் டெல்லிக்கு வந்தபோது தெரிந்த இந்தி மொத்தம் நாலு வார்த்தை. அதில் ஒன்று 'நஹி', அதாவது 'இல்லை, முடியாது'. அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டே அவள் உத்தியோகத்தில் மேலே வந்தாள் என்று ஆபீசில் கேலி பேசுவார்கள். பாதி உண்மைதான். ஒருமுறை இரண்டு பெரிய வியாபாரிகளின் ஆட்கள் பெட்டியை மறைத்து நின்றுகொண்டு வேறு யாரையும் உறை போட விடவில்லை. வள்ளி ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலைக் கொண்டுவந்து பெட்டிக்குப் பக்கத்தில் போட்டாள். அதிலேயே உட்கார்ந்து, மூன்று மணி வரை நகரவில்லை. பாத்ரூம்கூடப் போகவில்லை. அன்றைக்கு மூன்றாவதாக ஒரு உறை விழுந்தது.

இன்னொரு முறை, கோயம்புத்தூரிலிருந்து ஒரு சிறு பட்டறை முதலாளி ரயில் தாமதமாகி, நிஜாமுதீன் ஸ்டேஷனிலிருந்து ஆட்டோவில் பறந்து வந்து சேர்ந்தபோது மணி மூன்று ஐந்து. அரக்கு காய்ந்துகூட இருக்கவில்லை.

"அம்மிணி, அஞ்சே நிமிசந்தானுங்க. ரெண்டு நாளா ரயில்ல வர்றனுங்க."

"நஹி" என்றாள் வள்ளி. தமிழனிடம் இந்தியில் சொன்னது தனக்கே பிறகுதான் உறைத்தது.

அவர் சண்டை போடவில்லை. வராந்தாவிலேயே உட்கார்ந்து, கட்டிக்கொண்டு வந்த புளிச்சோற்றைப் பிரித்துச் சாப்பிட்டார். கையைக் கழுவிவிட்டு, "நீங்க செஞ்சது சரிதானுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். திட்டியிருந்தால் வள்ளி மறந்திருப்பாள். அவள் செய்தது சரிதான். ஆனாலும் பதினைந்து வருஷமாக அந்தப் புளிச்சோற்று வாசனை அவளை விட்டுப் போகவில்லை.

இப்படிப்பட்டவளிடம் போய், இனிமேல் பெட்டி கிடையாது, எல்லாம் கம்ப்யூட்டரில்தான் என்றால் எப்படி இருக்கும்? போன வருஷம் உத்தரவு வந்தது. டெண்டர் விடுவது, விலைகள் வந்து சேர்வது, திறப்பது எல்லாமே அரசாங்கத்தின் இணையதளம் வழியாக. சொல்லிக்கொடுக்க நிகில் என்று ஒருவன் வாரத்துக்கு இரண்டு நாள் வந்தான். நல்ல பொறுமைசாலி. அந்தப் பொறுமையை வள்ளி கடைசிச் சொட்டு வரை பிழிந்தாள்.

"உள்ள வந்த விலையை நீ பாக்க மாட்டன்னு எனக்கு எப்படித் தெரியும்?" இதை அவள் இந்தியில் வாராவாரம் கேட்டாள்.

"முடியாது மேடம். பூட்டியிருக்கும்."

"பூட்டு எங்க? காட்டு."

அவன் எங்கே காட்டுவான்? பென் டிரைவ் மாதிரி இருந்த ஒரு சின்னப் பொருளைக் கையில் கொடுத்தான். டோக்கன் என்றான். அதற்குள் அவளுடைய மின்னணுக் கையெழுத்து இருக்கிறது, இதுதான் சாவி, வருகிற விலைகள் எல்லாம் இந்தச் சாவிக்கு மட்டுமே திறக்கிற மாதிரி பூட்டிக்கொள்ளும் என்றான். சாவி என்ற சொல் ஒன்றுதான் வள்ளிக்குப் பிடிபட்டது. அன்று மாலையே டோக்கனும் தாலிச் சங்கிலியில் ஏறியது.

"நாலு பேரைத் திறக்கிறவங்களா போடுங்க மேடம். நாலுல எந்த ரெண்டு பேர் வந்தாலும் திறந்துக்கும்" என்றான் நிகில்.

"நாலு பேருகிட்ட சாவி குடுத்தா அது பெட்டியா, தர்ம சத்திரமா? ரெண்டு பேர். நானும் தனேஜா சாரும். முடிஞ்சுது."

தனேஜா, நிதி அதிகாரி. பதினோரு வருஷமாக இரும்புப் பெட்டியின் இரண்டாம் சாவிக்காரர். நிகில் வாயைத் திறந்தான், வள்ளியின் முகத்தைப் பார்த்தான், மூடிக்கொண்டான்.

இந்த வருஷம் ஜனவரியிலிருந்து வைஷ்ணவி தினமும் வர ஆரம்பித்தாள். உயிரியல் துறையில் ஆராய்ச்சி மாணவி. டெல்லியிலேயே பிறந்து வளர்ந்த பெண். அவள் பேசும் தமிழில் கால்வாசிதான் தமிழ், மீதிக்கு இந்தியும் இங்கிலீஷும் பங்கு கேட்கும். நாலு வருஷமாக மழையிலும் சேற்றிலும் காலனி காலனியாக அலைந்து டெங்குக் கொசுக்களைச் சேகரித்திருந்தாள். அவையெல்லாம் மைனஸ் எண்பது டிகிரியில் குளிரவைக்கிற ஒரு ஃப்ரீசரில் இருந்தன. பதினெட்டு வயசு ஃப்ரீசர். போன வெயிலிலேயே இரண்டு தடவை மூச்சை விடப் பார்த்தது. இந்த மே மாசத்தைத் தாண்டாது என்று மெக்கானிக் கையை விரித்துவிட்டான். அது நின்றால் நாலு வருஷ உழைப்பும் ஒரே மத்தியானத்தில் கூழாகிவிடும்.

"ஆன்ட்டி, மேரா ஃபைல் ஆகே போச்சா?" என்று தன் கோப்பு நகர்ந்ததா என விசாரித்துக்கொண்டே உள்ளே வருவாள்.

"போச்சு, போச்சு. உக்காரு. மூச்சு வாங்காத."

புது ஃப்ரீசருக்கான பணத்தை மார்ச் முப்பத்தொன்றுக்குள் ஆர்டராக மாற்றாவிட்டால் அது வந்த வழியே திரும்பிப் போய்விடும். வள்ளி கணக்காக நாள் குறித்தாள். பிப்ரவரி இருபத்தேழு, மூன்று மணிக்கு இணையதளத்தில் டெண்டர் மூடியது. ஐந்து விலைகள் வந்திருப்பதாகத் திரை காட்டியது. இரும்புப் பெட்டிக்கு இந்த மாதிரிச் சாமானுக்கு மூன்றுக்கு மேல் விழுந்ததேயில்லை. மார்ச் மூன்று, திங்கட்கிழமை திறப்பது. எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது.

இடையில் பிப்ரவரி இருபத்தெட்டு வந்தது. அன்று தனேஜா ஓய்வு பெற்றார். மாலை, சமோசா, சால்வை எல்லாம் முடிந்ததும் வழக்கப்படி சாவிகளை வள்ளியிடம் ஒப்படைத்தார். இரும்புப் பெட்டியின் சாவி, கூடவே அவருடைய டோக்கன். அவர் இடத்துக்கு வந்த அம்மையாருக்குச் சொந்தப் பெயரிலேயே புது டோக்கன் முன்கூட்டியே வாங்கியாகிவிட்டது. ஆகவே தனேஜாவின் டோக்கன், வள்ளியின் கணக்குப்படி, பழைய சாவி.

பழைய சாவியை என்ன செய்வது என்று கொள்முதல் பிரிவில் ஒரு முறை உண்டு. பெட்டியின் இரண்டாம் பூட்டை மாற்றும்போதெல்லாம் பழைய சாவியைச் சாட்சி வைத்துச் சுத்தியலால் நசுக்கி, பதிவேட்டில் எழுதிக் கையெழுத்து வாங்குவார்கள். கள்ளச் சாவி முளைக்கக் கூடாது அல்லவா? அந்த முறையை ஏற்படுத்தியவளே வள்ளிதான்.

"பச்சைமுத்து, அந்தச் சுத்தியல எடு" என்றாள்.

பச்சைமுத்து ஆபீஸ் உதவியாளர், கள்ளக்குறிச்சிப் பக்கத்துக்காரர், இருபது வருஷமாக அந்தப் பிரிவில் இருப்பவர். டோக்கனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இத்தயா? புத்தம் புதுசா கீதேம்மா."

"புதுசோ பழசோ, ஆளு போயிட்டா சாவியும் போவணும். அடி."

அவர் அடித்தார். மூன்றே அடி. துணுக்குகளை ஒரு காகித உறையில் போட்டு ஒட்டி, பதிவேட்டில் எழுதி, இரண்டு பேர் கையெழுத்தும் வாங்கி, கடமையைச் செய்த திருப்தியோடு வள்ளி வீட்டுக்குப் போனாள். வழியில் ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் இறங்கி நல்லெண்ணெயும் கறிவேப்பிலையும் வாங்கினாள். அவ்வளவு நிம்மதி.

திங்கட்கிழமை மூன்று மணி. வள்ளி தன் டோக்கனைச் செருகினாள். திரை ஏற்றுக்கொண்டது. புது அம்மையார் தன்னுடையதைச் செருகினார். திரை ஏற்றுக்கொள்ளவில்லை. மறுபடி செருகினார். மறுபடியும் இல்லை. நிகிலைக் கூப்பிட்டார்கள். அவன் குனிந்து பார்த்துவிட்டு, நிம்மதியாகத்தான் சொன்னான்.

"இது தனேஜா சார் சாவிக்குப் பூட்டினது மேடம். வேற யார் டோக்கனும் எடுக்காது. பரவாயில்லை, அவரோடதுதான் உங்ககிட்ட இருக்குமே? அவரை ஒரு தடவை வரச் சொல்லி அதைப் போட்டா போதும்."

வள்ளி மேஜை இழுப்பறையைத் திறந்து, காகித உறையை எடுத்து, கவிழ்த்தாள். துணுக்குகள் மேஜையில் உதிர்ந்தன. நிகில் அதையே பார்த்துக்கொண்டு நின்றான். வராந்தா வழியாகப் பச்சைமுத்து சத்தமில்லாமல் நழுவிவிட்டார்.

விஷயம் பதிவாளர் அறைக்குப் போனது. அவர் நிகிலிடம்தான் முதலில் பாய்ந்தார். "பின்பக்கமா எப்படியாவது திறந்துடு பாய். உங்க ஹெட் ஆபீஸ்ல சொல்லித் திற. ஜல்தி."

"யாராலயும் முடியாது சார். எங்க ஹெட் ஆபீஸாலயும் முடியாது. மந்திரியே வந்து சொன்னாலும் முடியாது. அந்தச் சாவி போச்சுன்னா போச்சு."

வள்ளி தலை குனிந்து நின்றுகொண்டிருந்தாள். உடம்பெல்லாம் கூசியது. ஆனால் அந்தக் கூச்சத்துக்கு நடுவில் வேறொன்றும் அவளுக்குள் எட்டிப் பார்த்தது. அவளால் திறக்க முடியவில்லை. பதிவாளரால் முடியவில்லை. செய்து கொடுத்தவர்களாலேயே முடியவில்லை. இரும்புப் பெட்டியை ஒரு கடப்பாரை திறந்துவிடும். இதை யாராலும் திறக்க முடியாது. ஒரு வருஷமாக வாராவாரம் அவள் கேட்ட கேள்விக்கு இப்போதுதான் பதில் கிடைத்தது. அவமானத்தில் செத்துக்கொண்டிருக்கிற நேரத்திலும், இதைவிட நல்ல பெட்டி கிடையாது என்று அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது.

பதிவாளர் பெருமூச்சு விட்டார். "சாபி மேடம், சர்வர் கோளாறுன்னு குறிப்பு எழுதிடுங்க. யாருக்கும் கெட்ட பேரு வேண்டாம்."

மறுநாள் காலை லக்ஷ்மிபாய் நகர் குவார்ட்டர்சில் கணவர் செந்தில்குமாரும் அதையேதான் சொன்னார்.

"என்னாத்துக்கு வம்பு? ரிட்டயர்மென்ட்டுக்கு இன்னும் நாலு வருஷந்தான். அவரே சொல்றாரு, சர்வர்னு எழுதிட்டுப் போ."

"ஏங்க, அது அப்பன் ஆத்தா இல்லாத சர்வரா? கேக்க ஆளில்லன்னு அது தலைல போடச் சொல்றீங்க?"

"கொஞ்சம் வளைஞ்சு குடுத்தா என்னா?"

"இருபத்தாறு வருஷமா வளையல. இப்ப வளைஞ்சா உடைஞ்சிடும்" என்று சொல்லிவிட்டு டிபன் டப்பாவை மூடினாள். சொல்லும்போது இருந்த வீராப்பு பஸ்ஸில் போகும்போது இல்லை. ஒரு மெமோகூட வாங்கியதில்லை அவள். புது ஆட்கள் வந்தால், சாபி மேடத்தைப் பார்த்துக் கற்றுக்கொள் என்று அவளைத்தான் காட்டுவார்கள். இனிமேல் சுத்தியல் மேடம் என்பார்கள்.

ஆபீஸ் வாசலில் வைஷ்ணவி காத்திருந்தாள். வள்ளி அவளை உட்காரவைத்து, ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள்.

"ஹத்தோடா… சுத்தியலாலயா ஆன்ட்டி?" அவள் குரல் உடைந்தது. "நாலு வருஷம் ஆன்ட்டி. நாலு வருஷம். நான் கித்னா மச்சர்… எவ்ளோ கொசுக்கடி…" அழுதாள். கோபமாகத்தான் அழுதாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்: "இன்னும் கித்னே தின் இருக்கு?"

"இருபத்தேழு நாள்."

"ஆகுமா?"

வள்ளி நிகிலை அழைத்தாள். "சர்வர் கோளாறுன்னு எழுதினா என்ன ஆகும்?"

"எங்க ஹெட் ஆபீஸுக்கு வரும். அவங்க நாள் வாரியா பதிவை எல்லாம் பார்த்து, கோளாறு உண்டா இல்லையான்னு எழுத்துல தரணும். ஒரு மாசம், ஒண்ணரை மாசம். அது வர்ற வரைக்கும் ரத்து பண்ண முடியாது."

"நான் உடைச்சேன்னு எழுதினா?"

"எங்ககிட்ட கேக்கவே வேண்டாம் மேடம். துணைவேந்தர் கையெழுத்து போதும். அன்னைக்கே ரத்து பண்ணி, அவசரத் தேவைன்னு காரணம் காட்டி, குறுகிய காலத்துல மறுபடி விடலாம்."

வள்ளி கோப்பை இழுத்துப் போட்டுக்கொண்டு எழுதினாள். மின்னணுச் சாவியின் தன்மையைச் சரியாகப் புரிந்துகொள்ளாமல், என் உத்தரவின் பேரில், என் முன்னிலையில் அது அழிக்கப்பட்டது, தவறு என்னுடையது, பச்சைமுத்துவுக்கு இதில் பொறுப்பில்லை. ஒரு மாணவியின் ஆராய்ச்சி மே மாதத்துக்குள் அழியக்கூடிய நிலை இருப்பதால் பத்து நாளில் மறு டெண்டர் விட அனுமதி வேண்டும். எழுதி முடித்துக் கையெழுத்துப் போட்டாள். கோப்பைப் பச்சைமுத்துவிடம் கொடுக்கவில்லை. தானே எடுத்துக்கொண்டு பதிவாளர் அறைக்குப் போய் மேஜையில் வைத்தாள்.

அவர் படித்தார். இரண்டாம் முறையும் படித்தார். "மெமோ குடுக்க வேண்டியிருக்கும், சாபி மேடம்."

"குடுங்க சார். ஆனா கோப்பு முதல்ல போகட்டும்."

அடுத்த நாள் துணைவேந்தரின் கையெழுத்து வந்தது. அதற்கு அடுத்த நாள் மெமோ வந்தது. வள்ளி இரண்டையும் ஒரே பதிவேட்டில் ஏற்றினாள்.

மறு டெண்டரில் திறக்கிறவர்கள் எத்தனை பேர் என்று திரை கேட்டபோது, நிகில் சுட்டெலியிலிருந்து கையை எடுத்துவிட்டுச் சும்மா நின்றான். வள்ளி நான்கு என்று போட்டாள். பெயர்களையும் அவளே சேர்த்தாள். திறக்கிற நாள் மார்ச் பதினெட்டு என்று அமைந்தது. செவ்வாய்க்கிழமை, மூன்று மணி. சரியான ராகுகாலம். இரும்புப் பெட்டியின் காலத்தில் வள்ளி செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்கு ஒரு உறையைக்கூடத் திறந்ததில்லை. ஏதாவது சாக்குச் சொல்லிப் புதனுக்குத் தள்ளிவிடுவாள். இந்த முறை தள்ள நாளில்லை.

"செவ்வா மூணு மணிக்கா?" என்றார் பச்சைமுத்து மெதுவாக.

"நல்ல நேரம் பாத்துதான் அன்னைக்குச் சுத்தியல எடுத்தேன். என்னா ஆச்சு? சும்மா இரு."

மூன்று மணிக்கு இரண்டு பேர் வந்து டோக்கனைச் செருகினார்கள். திறந்துகொண்டது. வந்திருந்தவை ஏழு. பெங்களூர், புனே, டெல்லியிலிருந்து மூன்று, அகமதாபாத். ஏழாவது கோயம்புத்தூர். அது வந்து சேர்ந்த நேரமும் பக்கத்திலேயே இருந்தது: கடைசி நாள், பிற்பகல் இரண்டு மணி ஐம்பத்தாறு நிமிடம்.

வள்ளி அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாலு நிமிஷம் மிச்சம். ரயில் இல்லை, ஆட்டோ இல்லை, பெட்டியை மறைத்து நிற்க ஆளில்லை. பட்டறையிலேயே உட்கார்ந்து, வீட்டுச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டு அனுப்பியிருப்பார்கள். அந்தப் பழைய ஆள்தானா என்று கம்பெனிப் பெயரைப் பார்த்தாள். இல்லை, வேறு யாரோ. வேறு யாரோவாக இருந்தால் என்ன? புறங்கையால் கண்ணைத் துடைத்தாள்.

"மேடம், என்ன ஆச்சு?" என்றான் நிகில்.

"ஒண்ணுமில்ல. ஏசி காத்து கண்ணுல படுது."

நிபுணர் குழு முதலில் சாமானின் தரத்தைப் பார்த்தது, பிறகு விலையைத் திறந்தார்கள், குறைந்த விலை சொன்ன கோயம்புத்தூருக்கே ஆர்டர் விழுந்தது. மார்ச் இருபத்தெட்டாம் தேதி வள்ளி தன் டோக்கனைச் செருகிக் கையெழுத்துப் போட்டாள். லாரி ஏப்ரல் மூன்றாம் வாரம்தான் வரும். அதுவரை பழைய ஃப்ரீசர் தாங்க வேண்டும். அது இரண்டு தடவை அலறியது. வைஷ்ணவியும் அவள் தோழிகளும் உலர்பனிக்கட்டியை மூட்டை மூட்டையாகக் கொண்டுபோய்க் கொட்டினார்கள். வள்ளி தினமும் மத்தியானம் வெயிலில் உயிரியல் துறை வரை நடந்துபோய், அந்தக் கிழட்டு ஃப்ரீசரின் கதவை ஒருமுறை தொட்டுவிட்டு வந்தாள். அதனால் அதற்கு ஒரு உபயோகமும் கிடையாது. ஆனாலும் போனாள்.

புது ஃப்ரீசர் வந்து குளிர்ந்து, கொசுக்கள் முழுசாகக் குடியேறிய அன்று வைஷ்ணவி ஓடிவந்தாள். "ஆன்ட்டி, எல்லாம் சேஃப்! ஏக் பி, ஒண்ணுகூட வேஸ்ட் இல்ல!" மூச்சு வாங்கிக்கொண்டே இன்னொன்றும் கேட்டாள். ஃப்ரீசர் கதவில் பூட்டு மாட்ட வளையம் இருக்கிறதாம். யாரும் தெரியாமல் திறந்துவிடாமலிருக்க ஒரு நல்ல பூட்டு வேண்டுமாம்.

வள்ளி எழுந்து வராந்தாவுக்குப் போனாள். பச்சைப் பெட்டி வாயை மூடிக்கொண்டு அங்கேயே இருந்தது. தாலிச் சங்கிலியின் ஊக்கைத் திறந்து, இருபத்தாறு வருஷத்துப் பித்தளைச் சாவியை உருவினாள். தன் பக்கத்துப் பூட்டைத் திறந்து எடுத்தாள். முந்தானையால் அதைத் துடைத்தாள். உடனே கொடுத்துவிடவில்லை. நாளைக்குத் தருகிறேன் என்று கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

மறுநாள் காலை அவளே ஆய்வகத்துக்குப் போய்ப் பூட்டைக் கதவில் மாட்டி அழுத்தினாள். வைஷ்ணவி சாவிக்காகக் கையை நீட்டினாள். அந்தக் கையில் வள்ளி ஒரு வளையத்தை வைத்தாள். அதில் பழைய பித்தளைச் சாவி ஒன்றும், சரோஜினி நகர் சாவிக்காரனிடம் முந்தின மாலை உட்கார்ந்து வெட்டிக்கொண்டு வந்த புதுச் சாவி மூன்றும் இருந்தன.

"நாலா? இத்னா எதுக்கு ஆன்ட்டி? லாக் ஒண்ணுதானே?"

"நாலு பேருகிட்ட குடுத்து வை" என்றாள் சாபி மேடம்.